துரோணர் வேண்டாம், பி.டி. வாத்தியார் வேண்டும்

"ஏம்மா, நீ எந்த ஊரு?"

"நிலக்கோட்டைப் பக்கம்ங்கய்யா."

"பக்கம்னா? ஊருக்குள்ளயா, வெளியயா?"

ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேட்ட முதல் இரண்டு கேள்விகள் இவை. திண்டுக்கல் சமவெளியில் ஓர் ஊர். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளி. ஊர்ப்பேரும் பள்ளிப்பேரும் வேண்டாம். பேரைச் சொன்னால், 'அந்த ஊர்க்காரன் அப்படித்தான்' என்று சொல்லிவிட்டு மற்ற ஊர்க்காரனெல்லாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் இல்லாமல் ரொம்ப நாள் ஓடிவிட்டது. பிள்ளைகள் பி.டி. பீரியடில் கணக்குப் போட்டார்கள். கணக்கு வாத்தியார் லீவு போட்ட அன்றைக்குப் புளியமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் பெற்றோர் ஆசிரியர் கழகக் காசிலிருந்து மாதாமாதம் ஒரு தொகை கொடுத்து, உடற்கல்விக்கும் 'வாழ்க்கைத் திறன்' வகுப்புக்கும் சேர்த்து ஒரே ஆளாகப் போட்டுவிடலாம் என்று முடிவானது. வந்தது இரண்டு பேர். ஒன்று, மேலே பதில் சொன்ன அந்தப் பொண்ணு. பி.பி.எட். முடித்தவர், பல்கலைக்கழக அணியில் கபடி ஆடியவர். சான்றிதழையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு மடியில் வைத்திருந்தார். அந்தக் கவரை யாரும் வாங்கிப் பிரித்துப் பார்க்கவில்லை. இன்னொன்று, ஊர்க்காரப் பையன். படிப்பு அதே படிப்புதான். அவனிடம் கேட்ட கேள்வி வேறு.

"பயலுகள அடக்கி வச்சிருவியாப்பா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் மாமா."

மாமா! நேர்முகத் தேர்வு அந்த ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. பி.பி.எட். பட்டத்தைவிடப் பெரிய தகுதிச் சான்றிதழ் அது. எந்தப் பல்கலைக்கழகமும் தராது. பிறக்கும்போதே கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

அந்த அறையில் பெற்றோர் உறுப்பினர் என்ற பேரில் நானும் உட்கார்ந்திருந்தேன். 'ரெண்டு பேரையும் கிரவுண்டுல எறக்கிப் பாத்துட்டு முடிவு பண்ணலாமே' என்று முனகினேன். டீ வந்தது. குடித்தேன். எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பொண்ணு சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் நின்று கவரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் பார்த்தபடி நடந்தேன். இந்தக் கட்டுரை அந்த நடைக்கான அபராதம் என்று வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே.

*

'அட, ஒரு பி.டி. வாத்தியார் வேலைக்கா இம்புட்டுப் பேச்சு?' என்று கேட்கிறவர்கள் நம் பக்கத்திலேயும் உண்டு. நாம் டாக்டர் சீட்டுக்குப் போராடியிருக்கிறோம், ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எத்தனை பேர் என்று கணக்குக் கேட்டிருக்கிறோம். விசில் ஊதுகிற வேலையைப் பற்றி நம் பத்திரிகைகளில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்? இந்தப் பாராமுகத்துக்குள்ளேயே ஒரு பார்ப்பனியம் ஒளிந்துகொண்டிருக்கிறது. மூளை மேலே, உடம்பு கீழே. மூளை வேலைக்குக் கூடச் சம்பளம், உடம்பு வேலைக்குக் குறைச்ச சம்பளம். சாதியின் பாலபாடமே இதுதான். அதை நாமும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம்.

பள்ளிக்கூடத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் தீண்டாமை ஒரு பாவச்செயல் என்று அச்சடித்தாயிற்று. வகுப்பறையில் பெஞ்சு வரிசை கலந்தாயிற்று. அது வெளியே வந்து கையைக் காலை நீட்டுகிற இடம் மைதானம். யார் யாரைத் தொடலாம், யார் யாரைக் கீழே தள்ளலாம், யார் ஏறிப் பாடினால் யார் அமுக்கலாம்: கபடி என்பதே தொடுகிற ஆட்டம்தானே! தொட்டால் அவுட். தீண்டாமையும் தொடுகிற கணக்குதான், ஆனால் அங்கே அவுட் ஆவது எப்போதும் ஒரே பக்கம்.

நான் படித்த பள்ளியில் ஒரு டிரில் மாஸ்டர் இருந்தார். கெட்டவர் இல்லை. யாரையும் சாதி சொல்லித் திட்டியதில்லை. விளையாட்டு விழா வந்தால் காலனிப் பையன்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். 'வாங்கடா, நீங்கதான் வேலைக்குச் சரி' என்பார். நாங்கள் முள்ளு பொறுக்குவோம், குடம் குடமாகத் தண்ணி தெளிப்போம், கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போடுவோம். வாலிபால் கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம் என்பது எனக்கு அப்படித்தான் தெரியும். கோடு போட நாங்கள். கோட்டுக்குள் நின்று ஆட அவர்கள். அவரைப் பொறுத்தவரை அது ஒரு பாராட்டு: 'உழைக்கிற உடம்பு'. உழைக்கிற உடம்புக்கு விளையாட்டு எதுக்கு? ஆடு மேய்க்கிறவனுக்கு ஓட்டப் பந்தயம் எதுக்கு? இந்தக் கேள்விகளை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அவை அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் இருக்கும்.

சுண்ணாம்புக் கோடு போட்டவன் கோட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. பல்வங்கர் பாலு என்று ஒரு பந்துவீச்சாளர். சமார் சாதி. புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மைதானத்தைச் சீர் பண்ணுகிற வேலை. வெள்ளைக்காரர்கள் மட்டை பிடித்துப் பழக இவர் பந்து போட வேண்டும். அப்படிப் போட்டுப் போட்டே பெரிய பந்துவீச்சாளரானார். 1911-இல் இங்கிலாந்துக்குப் போன முதல் அகில இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். அதே புனேயில், அவரோடு சேர்ந்து ஆடிய சாதி இந்துக்கள், இடைவேளையில் அவருக்கு மட்டும் டீயை வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். பந்துக்குத் தீட்டு இல்லை, டீக்கு இருந்தது. அவருக்குக் கடைசிவரை தராத இந்து அணியின் தலைமை, 1923-இல்தான் அவர் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது.

*

பந்து என்றதும் ஒரு பழைய கதை. துரோணாச்சாரி என்கிறோமே, அவர் யார்? இன்றைய கணக்கில் ஒரு பி.டி. வாத்தியார். சமஸ்தானத்துப் பையன்களுக்கு உடற்பயிற்சி, ஆயுதப் பயிற்சி சொல்லிக்கொடுக்க வேலைக்கு வந்தவர். அவரை எப்படி வேலைக்கு எடுத்தார்கள்? ராசா வீட்டுப் பிள்ளைகளின் பந்து கிணற்றுக்குள் விழுந்துவிட்டது. வழிப்போக்கராக வந்த இவர் புல்லை ஒன்றன்மேல் ஒன்றாக எய்து பந்தை எடுத்துக் கொடுத்தார். பீஷ்மருக்குச் சேதி போனது, வேலை கிடைத்தது. ஆக, பாரதக் கதையில் வருகிற உடற்கல்வி ஆசிரியர் நியமனம் ஒரு பந்தை எடுத்துக் கொடுத்ததில் தொடங்குகிறது. ஒரு கட்டை விரலை வாங்கியதில் அதன் லட்சணம் தெரிந்துவிடுகிறது. ஏகலைவன் தகுதியில்லாதவன் அல்ல. அவன் அரண்மனைப் பையனைவிட நன்றாக அம்பு விட்டான். அதுதான் பிரச்சினை. வாத்தியாரை வேலைக்கு வைத்தவர்கள் யாரோ, அவர்களுக்குத்தான் அவர் விசுவாசமாக இருப்பார். 'மாமா' என்று கூப்பிட்டு வேலைக்கு வந்தவரும் அப்படித்தான்.

புராணம் என்று தள்ளிவிட முடியாது. 2023 ஜூன் மாதம், குஜராத்தில் பாட்டன் மாவட்டம் ககோஷி கிராமம். பள்ளிக்கூட மைதானத்தில் கிரிக்கெட் நடக்கிறது. ஓடி வந்த பந்தை ஒரு தலித் சிறுவன் எடுத்துவிட்டான். மிரட்டினார்கள். வீட்டார் தட்டிக் கேட்டார்கள். அன்று மாலை கும்பலாக வந்து அந்தக் குடும்பத்தில் ஒருவரின் கட்டை விரலை வெட்டினார்கள். பந்தை எடுத்துக் கொடுத்த துரோணருக்கு உத்தியோகம். பந்தை எடுத்த நம் பிள்ளைக்காகப் பேசினால் கட்டை விரல் போகும்!

குஜராத்துவரை போக வேண்டாம். 2025 மார்ச், தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் பக்கம். பதினோராம் வகுப்புத் தலித் மாணவன் பரீட்சைக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறான். பஸ்ஸை நிறுத்தி இறக்கி விரல்களை வெட்டுகிறார்கள். வெட்டியவர்களும் சிறுவர்களே. கபடிப் போட்டியில் ஆதிக்கசாதிப் பையன்களின் அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று அவன் குடும்பத்தார் சொன்னார்கள். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்றபோது, அணியில் ஆடிய வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் வெடி வெடித்துச் சாதி சொல்லித் திட்டினார்கள். ஜெயித்தால் விரல் போகும், தோற்றால் வாசலில் வெடி. சரி, எப்படித்தான் ஆடச் சொல்கிறீர்கள்?

நம் அரசாங்கம் 1985-இலிருந்து நல்ல பயிற்சியாளர்களுக்கு ஒரு விருது கொடுக்கிறது. அதன் பேர் துரோணாச்சாரியார் விருது. நான் கிண்டல் பண்ணவில்லை.

*

ஊர் கேட்பது ஒரு துரோணரை. அரசாங்கம் கேட்பது எதை? அரைநாள் கூலியை.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இல் வந்தது. அதன் அட்டவணையில் ஒரு வரி: ஆறு முதல் எட்டுவரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால், ஓவியம், உடல்நலம் - உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்குப் 'பகுதிநேர'ப் பயிற்றுநர்கள் வேண்டும். அந்தச் சொல்லைக் கவனியுங்கள். கணக்குக்கு முழு ஆள், உடம்புக்கு அரை ஆள். இந்தச் சட்டத்தைக் காட்டி, தமிழ்நாட்டில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், கணினி, தையல், இசை, தோட்டக்கலை, கட்டிடக்கலை, அப்புறம் வாழ்வியல் திறன். வாரத்துக்கு மூன்று அரை நாள் வேலை. மாதம் 5,000 ரூபாய். மே மாதம் பள்ளி இல்லை, அதனால் சம்பளமும் இல்லை. மே மாதத்தில் வயிறும் லீவு போட்டுவிடும் என்று நினைத்தார்கள் போல.

அந்த 5,000 ரூபாய் 7,000 ஆகி, 7,700 ஆகி, 2021-இல் 10,000 ஆகி, 2024-இல் 12,500 ஆவதற்குப் பன்னிரண்டு வருசம் பிடித்தது. ஒவ்வொரு ரூபாயும் சென்னையில் ரோட்டில் உட்கார்ந்து வாங்கியது. 2021 தேர்தல் அறிக்கையில் பணி நிரந்தரம் செய்வோம் என்று தி.மு.க. வாக்குக் கொடுத்தது, 12,500 வந்தபோதும் நிரந்தரம் வரவில்லை. விட்டுப் போனவர்கள், செத்துப் போனவர்கள் போக மீதி சுமார் 12,000 பேர் என்று ஆனது. இந்தச் சம்பளமும் ஒன்றிய அரசின் திட்டப் பணத்தை நம்பியது. தேசியக் கல்விக் கொள்கைச் சண்டையில் 2024-25-க்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை டெல்லி நிறுத்தி வைத்தபோது, முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டவர்கள் இப்படிப்பட்ட தொகுப்பூதியக்காரர்கள்தான்.

முழுநேர வேலைக்கு ஆள் எடுத்ததே இல்லையா? எடுத்தார்கள். 2017-இல் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் பணியிடங்களை அறிவித்தது. அதில் உடற்கல்விக்கு 663. மாநிலம் முழுவதற்கும்! 2022-இல் ஆசிரியர் பற்றாக்குறைக்காக 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாக எடுக்கலாம் என்று அரசு சொன்னது. இடைநிலை, பட்டதாரி, முதுகலை என்று மூன்று வகை. அந்தப் பட்டியலில் உடற்கல்விக்கு ஓர் இடம்கூட இல்லை. பற்றாக்குறை என்றே அது கணக்கில் ஏறவில்லை.

இதில் நமக்கு என்ன நட்டம்? மூன்று நட்டம்.

ஒன்று, இடஒதுக்கீடு. முறையான நியமனம் என்றால் இனச்சுழற்சி உண்டு. நமக்கு 18 விழுக்காடு, அதற்குள் 2009-இலிருந்து அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்று கேட்க வழி உண்டு. பி.டி.ஏ. காசில் போடுகிற ஆளுக்கு எந்த இனச்சுழற்சி? அங்கே 'மாமா'ச் சுழற்சிதான். உதவி பெறும் பள்ளிகளில் சம்பளம் அரசாங்கத்துடையது, ஆளைப் பொறுக்குவது நிர்வாகம்.

இரண்டு, தலைக்கணக்கு. எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர் என்று எண்ணித்தான் பணியிடம் தருகிறார்கள். யார் பள்ளியில் பிள்ளைகள் குறைவு? 2023 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் 1,138. அதில் உயர்நிலைப் பள்ளி 108, மேல்நிலைப் பள்ளி 98. சேரியை ஒட்டிக் கட்டிய பள்ளிக்கூடம். ஊர்ப் பிள்ளைகள் வாசல் மிதிக்க மாட்டார்கள். நம்மில் நாலு காசு பார்த்தவனும் பிள்ளையை இங்கிலீஷ் மீடியம் வேனில் ஏற்றிவிடுகிறான். எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் பி.டி. வாத்தியார் கிடையாது. சாதியால் குறைந்த எண்ணிக்கையைக் காரணம் காட்டி, அதே சாதிப் பிள்ளைகளுக்கு விளையாட்டை மறுப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்று, பிழைப்பு. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடு தனி ஒதுக்கீடு உண்டு. அதைத் தொட வேண்டுமானால் பள்ளி அணியில் சேர்ந்து, குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி, மாநிலப் போட்டி என்று ஏற வேண்டும். பேர் எழுதி அனுப்ப ஒரு ஆள், பஸ்ஸில் கூட்டிப்போக ஒரு ஆள், படிவத்தில் கையெழுத்து வாங்கித்தர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பி.டி. வாத்தியார். அவர் இல்லாத பள்ளியில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் அது வெறும் ஓட்டம், சான்றிதழ் ஆகாது. ஒதுக்கீட்டை விடுங்கள், எல்லோருக்கும் உள்ள உடற்திறன் தேர்விலேயே ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். எப்படி மூச்சைப் பங்கு வைத்து ஓடுவது என்று சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது தார்ரோட்டில் செருப்பில்லாமல் ஓடிப் பழகுகிற நம் பையன்களை விடியற்காலையில் வத்தலக்குண்டு ரோட்டில் போய்ப் பாருங்கள்.

*

இனி இந்த 'வாழ்க்கைத் திறன்'. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் பத்துத் திறன்களைப் பட்டியல் போட்டது: முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், விமர்சனமாகச் சிந்தித்தல், பிறர் வலியை உணர்தல், மன அழுத்தத்தைத் தாங்குதல் இப்படி. பட்டியலில் தப்பில்லை. ஆனால் நம் பள்ளிகளுக்கு அது வந்து சேரும்போது 'கோபத்தை அடக்கு, பெரியவங்களுக்கு வணக்கம் சொல்லு, தலைமுடியை ஒட்ட வெட்டு' என்று சுருங்கிவிடுகிறது. மன அழுத்தத்தைத் தாங்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். அழுத்துகிறவனைப் பற்றிப் பேச்சில்லை. அடங்கிப் போகிற திறன் நமக்கு ஏற்கெனவே ரெண்டாயிரம் வருசமாக உண்டு, அதுக்குத் தனியாக ஒரு பீரியடு வேண்டாம்.

திண்டுக்கல் பிள்ளைகளின் வாழ்க்கை எது? வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் புரோக்கர் வீடு தேடி வருவான். மூன்று வருசம் மில்லு விடுதியில் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று 'சுமங்கலி' பேர் சொல்லிப் பிடித்துக்கொண்டு போன கதையெல்லாம் நம் வீடுகளில் நடந்ததுதான். 2021 ஜனவரியில் இதே மாவட்டத்தில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அதற்குப் பிறகு, தலித் பெண்கள் முன்னின்று நடத்துகிற டி.டி.சி.யு. தொழிற்சங்கம் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் ஆலை நிர்வாகத்தோடு ஓர் ஒப்பந்தம் போட வைத்தது. 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். பாலியல் தொல்லையையும் சாதிப் பாகுபாட்டையும் ஒரே தாளில் எழுதிய ஒப்பந்தம். வேலைத்தளத்தில் தப்பு நடந்தால் கண்டுபிடித்துச் சொல்லப் பெண் தொழிலாளிகளுக்கே பயிற்சி.

இது வாழ்க்கைத் திறன் இல்லையா? எது தொல்லை என்று பேர் வைக்கத் தெரிவது, யாரிடம் சொல்வது என்று தெரிவது, நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சொல்வது. சம்பளச் சீட்டை வாசிப்பது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தால் ரசீது கேட்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989 என்று ஒன்று இருப்பதைச் சொல்லிக் கேட்பது. நீச்சல்கூட வாழ்க்கைத் திறன்தான். ஊர்க் கிணற்றில் இறங்கவிடாத பிள்ளைகளுக்கு நீச்சல் எங்கே கிடைக்கும்? மழைக்காலத்தில் கல்குவாரிக் குழியில் முங்கிச் சாகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்களே, அது விதியா? மாதவிடாய் நாளில் ஓடலாமா கூடாதா என்று ஒரு பொம்பளைப் பிள்ளை யாரிடம் கேட்பாள்? பிரம்பு வைத்திருக்கிற 'மாமா' மாப்பிள்ளையிடமா? அந்த நிலக்கோட்டைப் பொண்ணிடம் கேட்டிருக்க முடியும். ஓடியும் விழுந்தும் எழுந்தும் கவரில் சான்றிதழோடு வந்தவர். வாழ்க்கைத் திறனுக்கு அதைவிட என்ன பாடத்திட்டம் வேண்டும்?

*

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களில் கூடப் படித்தவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு அரசு நீதிநாயகம் சந்துருவை ஒருநபர்க் குழுவாகப் போட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதிக் கயிறு, நெற்றிப் பொட்டு இவற்றைத் தடை செய், பள்ளிப் பேரில் சாதியை எடு, ஐந்நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் போடு என்று பல பரிந்துரைகள். எல்லோரும் கயிறைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: ஆசிரியர்களைத் தேர்வு செய்யும்போதே, சமூக நீதி பற்றி அவர்கள் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

அந்த ஒரு வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். கையில் கட்டின கயிறை அவிழ்க்கப் போவது யார்? பிரேயரில் வரிசையைச் சரி பண்ணுகிற பி.டி. வாத்தியார். அணி பிரிக்கும்போது தெருவாரியாகப் பிரிகிற பையன்களைக் கலக்கப் போவது யார்? அவர்தான். அவர் மனசிலேயே கயிறு கட்டியிருந்தால்? ஆசிரியர் தேர்வு வாரியம் கோர்ட்டின் நீள அகலத்தை ஓ.எம்.ஆர். தாளில் கேட்கலாம். அந்தக் கோட்டுக்குள் யாரை விடுவாய், யாரைக் கோடு போடச் சொல்லுவாய் என்று எந்தத் தாளில் கேட்பது? நேரில் கேட்க வேண்டும். ஐந்நூறு பிள்ளை இல்லாத பள்ளிகளிலும் கேட்க வேண்டும்.

ஒரு எதிர்க்கேள்வி வரும். 'அப்ப நம்ம சாதிக்காரரைப் போட்டா எல்லாம் சரியாயிருமா?' ஆகாது. நம் ஆட்களிலும் ஒரு உட்பிரிவு இன்னொரு உட்பிரிவைப் பார்த்து முகம் சுளிப்பது உண்டு. அருந்ததியப் பிள்ளையைத் தண்ணி எடுக்க அனுப்பிவிட்டுத் தான் அம்பயராக நிற்கிறவனும் துரோணன்தான். சாதி இந்து ஆசிரியர்களிலும் பஸ் காசைச் சொந்தப் பையிலிருந்து போட்டுக் காலனிப் பிள்ளைகளைப் போட்டிக்குக் கூட்டிப்போனவர்கள் இருக்கிறார்கள். மாரத்தான் மாதிரி நீண்ட ஓட்டம் இது. முதல் சுற்றிலேயே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் வாசலிலேயே 'ஊருக்குள்ளயா, வெளியயா' என்று கேட்டு ஓட்டத்தில் இறங்கவே விடாமல் பண்ணுவதைத் திறமை பார்த்து எடுத்தோம் என்று சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டு டீ குடிக்கக் கூடாது. என்னைச் சொல்கிறேன்.

அம்பேத்கர் 1924-இல் பம்பாயில் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா ஆரம்பித்தபோது, விடுதியும் வாசகசாலையும் மட்டும் நடத்தவில்லை. இளவட்டங்களுக்காக அந்தச் சபா மகார் ஹாக்கிக் குழு ஒன்றும் நடத்தியது. 'கற்பி' என்று சொன்னவர் உடம்பை விட்டுவிட்டுக் கற்பிக்கச் சொல்லவில்லை. நாம்தான் சுவரில் அவர் விரல் நீட்டிய படத்தை வரைந்துவிட்டு, அந்தச் சுவருக்குப் பின்னால் மைதானம் இருக்கிறதா என்று பார்க்காமல் இருந்துவிட்டோம்.

ஆகவே தோழர்களே, செய்ய வேண்டியது இது. உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்விப் பணியிடம் இருக்கிறதா, காலியா, எத்தனை வருசமாகக் காலி என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகள் எண்ணிக்கைக்குத் தக்க இடம். நம் தெருப் பெண்களை அதில் உட்கார வையுங்கள், கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால் போகாதீர்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்குத் தலைக்கணக்குப் பார்க்காமல் ஒரு முழுநேர உடற்கல்வி ஆசிரியர் வேண்டும் என்று கேளுங்கள். பகுதிநேர ஆசிரியர்கள் ரோட்டில் உட்காரும்போது கூடப் போய் உட்காருங்கள். அது சம்பளப் பிரச்சினை மட்டும் இல்லை, நம் பிள்ளைகளின் உடம்புப் பிரச்சினை. கல்லூரி மாணவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பந்தோடு காலனிக்கு வந்தால்கூடப் போதும். ஆனால் அதைக் காட்டி அரசாங்கம் கையைக் கழுவ விடாதீர்கள்.

ஆள் எடுக்கும் நாளில் அறைக்குள் போய் மூன்றே கேள்வி கேளுங்கள். உன் பள்ளியில் கோடு போட்டது யார்? தெருவாரியாகப் பிரிந்து நிற்கிற பையன்களை எப்படி ஒரே அணி ஆக்குவாய்? காலனிப் பொண்ணு ஒருத்தி மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகி, ஊரில் நாலு பேர் வந்து 'அவ வேணாம்' என்றால் நீ என்ன செய்வாய்?

மூன்றாவது கேள்விக்கு 'நான் பாத்துக்கிறேன் மாமா' என்று பதில் வந்தால், டீயை வைத்துவிட்டு எழுந்து நில்லுங்கள். சத்தமாக, வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்டது அந்த ஒரு சொல்லைத்தான்.